ஓடுகிற மெஷினை 'நின்றது' என்று காட்டுகிறது, உதவி தேவை

எங்கள் மெஷின் ஷாப்பில் 12 பழைய சிஎன்சி மெஷின்களை (கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டுபவை) கண்காணிப்புக் கணினியோடு இணைத்து 3 மாதம் ஆகிறது. மெஷின் ஓடுகிறதா, நிற்கிறதா என்று படித்துச் சொல்ல ஒவ்வொரு பேனலிலும் ஒரு ஐஓ மாட்யூல். எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 கேபிளில் (பல கருவிகளை ஒரே கம்பியில் வரிசையாக இணைக்கும் முறை), மோட்பஸ் ஆர்டியூ (கணினி கேட்க, மாட்யூல் பதில் சொல்லும் முறை), வேகம் விநாடிக்கு 19200 பிட்.

முதல் 5 மெஷின் வரை ஒரு குறையும் இல்லை. மீதியைச் சேர்த்த பிறகு, பெரிய ஸ்பிண்டில் (மெஷினில் மோட்டார் சுழற்றும் தண்டு) கிளம்பும்போதெல்லாம் கடைசி 4 மெஷின்களிடமிருந்து 10, 20 விநாடி பதிலே வருவதில்லை. அந்த இடைவெளியை மென்பொருள் 'மெஷின் நின்றது' என்று எழுதிக்கொள்கிறது. ஓஇஇ (மெஷின் எவ்வளவு பயனாக ஓடியது என்ற சதவீதக் கணக்கு) குறைகிறது, வேலை செய்த ஆபரேட்டர் திட்டு வாங்குகிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர்கள் திரையை நம்பாமல் மறுபடி நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

சிக்னல் எதிரொலிக்காமல் இருக்க கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். கேபிளின் ஷீல்டை (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். மாட்யூல்களை மாற்றிப் பார்த்தேன். வேகத்தை 9600 ஆக்கியதும் பிரச்சினை கொஞ்சம் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. அப்புறம் ஒன்று: கேபிள் பாதி தூரம் மோட்டார் பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் போகிறது, அதன் மின் இரைச்சல் இதில் ஏறலாம். அதைத் தொட ஒரு நாள் உற்பத்தியை நிறுத்த வேண்டும், ஒரு முறைதான் அனுமதி.

அந்த ஒரு நாளில் கேபிளைத் தனி வழியில் இழுத்து ஐசோலேட்டட் ரிப்பீட்டர் (சிக்னலைப் புதுப்பித்து, இரு பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரிக்கும் கருவி) போடுவதா, இல்லை மெஷினுக்கு ஒரு ஈதர்நெட் கேட்வே (மோட்பஸ் தகவலைக் கணினி நெட்வொர்க்குக்கு மாற்றும் கருவி) என்று மொத்தமாக மாறிவிடுவதா?