பெஸ்ஸி கோல்மன் சாவுக்கு பெல்ட் போடாததுதான் காரணமா?

வானம்பாடி:
1926 ஏப்ரல் 30, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். மறுநாள் விமான சாகசக் காட்சி. பாராசூட்டில் குதிக்கத் தோதான இடம் பார்க்க, அமெரிக்கக் கறுப்பினப் பெண் விமானி பெஸ்ஸி பழைய 'ஜென்னி' விமானத்தில் ஏறினார். ஓட்டியவர் மெக்கானிக் வில்லியம் வில்ஸ். எட்டிப் பார்க்க வேண்டுமே என்று பெஸ்ஸி பெல்ட் போடவில்லை. விமானம் திடீரெனத் தலைகுப்புறப் பாய்ந்து சுழன்றதில் வெளியே விழுந்து இறந்தார். வயது 34. முழுக்க அவருடைய அலட்சியம்தான். 1912-இல் பாஸ்டன் அருகே இன்னொரு பெண் விமானி ஹேரியட் குவிம்பியும் இப்படித்தானே விழுந்தார்?

மல்லிகா:
பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? வில்ஸ் வெளியே விழவில்லை. விமானத்தோடு தரையில் மோதி அவரும்தான் செத்தார். குவிம்பி கதையை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அங்கே அவரும் கூட வந்த பயணியும் விழுந்த பிறகு விமானம் தானாகச் சறுக்கி இறங்கிச் சேற்றில் நின்றது.

ஸ்பேனர் சாமி:
வில்ஸ் அந்த வண்டியை டல்லாஸிலிருந்து ஓட்டி வரும்போதே மூன்று தடவை வழியில் இறக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு மோசமான பராமரிப்பு. விழுந்த பிறகு பார்த்தால், எஞ்சின் வேலைக்கு எடுத்த ஸ்பேனர் கன்ட்ரோலில் சிக்கியிருந்தது. பட்டறையில் முதல் நாளே சொல்லித்தருவது, வேலை முடிந்ததும் சாமானை எண்ணி வை என்றுதான்.

வானம்பாடி:
சரி, ஸ்பேனர் வில்ஸின் தப்பு. ஆனால் அந்த வண்டி வேண்டாம் என்று வீட்டாரும் நண்பர்களும் சொல்லியும் ஏறியது யார்?

மல்லிகா:
நல்ல வண்டி வாங்கக் கையில் காசு வேண்டாமா? கறுப்பினப் பெண் என்று அமெரிக்காவில் எந்த விமானப் பயிற்சிப் பள்ளியும் சேர்க்கவில்லை. பிரெஞ்சு படித்து, பிரான்சுக்குப் போய் 1921-இல் உரிமம் வாங்கியவர். 1923-இல் கலிஃபோர்னியாவில் விமானம் விழுந்து கால் உடைந்தது. இருந்த விமானமும் போனது. முதல் உலகப்போர் கால ஜென்னிதான் அவருக்குக் கட்டுப்படியானது. அதைப் பறக்கத் தகுதியா என்று சோதிக்க அப்போது மத்திய அரசுச் சட்டமே கிடையாது. விமான வணிகச் சட்டம் கையெழுத்தானது 1926 மே 20-இல், இவர் செத்து இருபது நாள் கழித்து!

வானம்பாடி:
சட்டம் வந்து ஸ்பேனரை எடுத்து வைக்குமா?

ஸ்பேனர் சாமி:
வைக்காது அண்ணே. ஆனால் ஒழுங்காகச் சோதிக்கிற ஆள் இருந்தால், மூன்று தடவை வழியில் நின்ற வண்டியை மறுபடி ஏற்ற விட்டிருக்க மாட்டான்.

வானம்பாடி:
அதை ஒத்துக்கொள்கிறேன். பெல்ட் விஷயத்தில் மட்டும் என் கட்சி மாறாது.