குப்பைத் தொட்டியில் என் பெயர் போட்ட கவர், அவசரம்!

புதுவரவு: ஜெர்மனி வந்து மூன்று வாரம், மாணவர் விடுதி. குப்பை வண்டிக்காரர்கள் எங்கள் தொட்டியை எடுக்காமல், குப்பையைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே என் பெயரோடு வங்கிக் கடிதக் கவர் இருந்ததாம். செலவை நான் கட்ட வேண்டும் என்கிறார் ஹவுஸ்மைஸ்டர் (விடுதியைப் பராமரிப்பவர்). விசாவில் கை வைப்பார்களா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குளிர்காய்ந்தவன்: தம்பி, குப்பையை விடுங்கள், ஹீட்டரைக் கவனியுங்கள். முதல் குளிர்காலத்தில் ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்துவைத்து, ஹீட்டரை 5இல் வைத்தேன். சாம்பார் ஆவியும் சேர்ந்து சுவரெல்லாம் பூஞ்சை, டெபாசிட்டில் பாதி போச்சு. ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுதாகத் திறந்து 5 நிமிடம் காற்று விடணும், பிறகு மூடணும். குமிழ் 3இல் இருந்தால் சுமார் 20 டிகிரி, அது போதும்.

இட்லிப்பானை: அவர் கேட்டது குப்பை, அண்ணா! மீந்த சோறு, குழம்பு எல்லாம் பழுப்பு பயோ தொட்டியில் (மக்கும் குப்பைக்கானது) போடலாம்.

ரயிலடி: தப்பு. எங்கள் ஊரில் சமைத்த சாப்பாடு அதில் கூடாது.

இட்லிப்பானை: எங்கள் ஊரில் கூடும். நாலு வருஷமாகப் போடுகிறேன்.

பழையபேப்பர்: ஊரில் பழைய பேப்பர்காரர் வாசலுக்கே வந்து எடை போட்டுக் காசு தருவார். இங்கே நாமே பிரித்து, நாமே சுமந்து, அபராதமும் நாமே. காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தால் 25 சென்ட் திரும்பத் தருகிறார்கள், அதுவும் வாங்கும்போது நாம் கொடுத்த காசுதான்!

ரயிலடி: ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டில் போடப் போய், ஓய்வு நாளில் சத்தமா என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நான் வாங்கிய திட்டு இருக்கிறதே...

மல்லிகாஅக்கா: போதும்பா. தம்பி, எந்த ஊர்? எந்தத் தொட்டி?

புதுவரவு: பயோ தொட்டி, அக்கா. காய்கறித் தோலோடு கவரையும் சேர்த்து ஒரே பையில் முடிந்து போட்டேன். 'மக்கும் பை' என்று அச்சடித்திருந்ததே!

மல்லிகாஅக்கா: அங்கேதான் மாட்டிக்கொண்டாய். உரமாகும் அவகாசத்துக்குள் அந்தப் பை மக்காது, அதனால் பல ஊர்களில் அதற்கும் தடை. தோலைச் செய்தித்தாளில் சுருட்டிப் போடு. முகவரி தெரிய ஜன்னல் வைத்த கடிதக் கவர் காகிதத் தொட்டிக்கு. தயிர் டப்பாவை வழித்தால் போதும், கழுவ வேண்டாம், மூடியைப் பிரித்து மஞ்சள் தொட்டியில் (பேக்கிங் குப்பைக்கானது) போடு. நீலக் கண்ணாடி பாட்டிலைப் பச்சைக் கண்ணாடிக்கான தொட்டியில் போடு. சோறு விஷயம் ஊருக்கு ஊர் மாறும், உன் நகராட்சிப் பட்டியலைப் பார். குப்பைக்கெல்லாம் விசா போகாது. ஹவுஸ்மைஸ்டரிடம் தொகையை எழுத்தில் கேள், ரசீது இல்லாமல் கையில் காசு கொடுக்காதே.

புதுவரவு: எனக்கு ஜெர்மனில் 'மன்னிக்கவும்' மட்டும்தான் வரும்.

மல்லிகாஅக்கா: முதலில் அதைச் சொல். மிச்சத்தை மெயிலில் எழுது, அனுப்பும் முன் இங்கே போடு, நான் பார்க்கிறேன். ஊர் பெயரை இன்னும் சொல்லவில்லையே நீ?