எக்ஸ்பைரி தாண்டிய உண்ணி மருந்து: உங்களுக்கு என்ன நடந்தது?

கறுப்பன் வீடு
நாய்க்குக் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்துதான். தேதி முடிந்து இரண்டு மாதம், பாக்கெட் பிரிக்கவே இல்லை. வீணாக்குவானேன் என்று போட்டுவிட்டேன். நாலாம் நாள் காதைத் தடவும்போது விரலில் ஏதோ தட்டியது. ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிய உண்ணி, காலை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தேதிதான் காரணமா, நான் போட்ட விதம் தப்பா என்று இன்றுவரை குழப்பம். முடியை விலக்கித் தோலில்தான் விட்டேன், குளிப்பாட்டவும் இல்லை.

மூன்று பூனைக்காரி
எனக்கு நேர்மாறு. தேதி முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது, ஆனால் பாட்டிலைத் திறந்து எட்டு மாதம். பூச்சி மருந்து சிரப். அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்ததைக் குலுக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றியிருக்கிறேன். பத்து நாள் கழித்து குட்டி வாந்தி எடுத்தது. அதில் ஸ்பிரிங் போல சுருண்ட வெள்ளைப் புழு, உயிரோடு! லேபிளில் இருக்கும் தேதி திறக்காத பாட்டிலுக்குத்தான் என்று அன்றைக்குத்தான் டாக்டர் சொல்லித் தெரிந்தது.

சும்மா ஒருவன்
தேதியெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம். நாலு மாதம் தாண்டிய மாத்திரை கொடுத்தேன், என் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய நாய்க்காரர்
@சும்மா ஒருவன், "ஒன்றும் ஆகவில்லை" என்பதுதான் எனக்கும் சிக்கலாக இருந்தது. தேதி தாண்டிய இதயப்புழுத் தடுப்பு மாத்திரை கொடுத்தேன், நாய் நன்றாகத்தான் ஓடியது. மறு வருடம் பரிசோதனையில் பாசிட்டிவ். அந்த அறையில் நின்றது மறக்காது.

உண்ணி என்றால் கண்ணில் படும். இதயப்புழு கொசு வழியாக வருவது, வளர்ந்து முதிரவே ஆறு மாதம் பிடிக்கும். மாத்திரை வேலை செய்ததா இல்லையா என்று நாயைப் பார்த்துச் சொல்லவே முடியாது. தேதி தாண்டிய மறுநாளே மருந்து விஷமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சொன்ன இடத்தில் சொன்ன சூட்டில் வைத்திருந்தால் அந்தத் தேதிவரை முழு வீரியம் இருக்கும் என்று கம்பெனி பொறுப்பேற்கிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள்வரை கணக்கு.

அப்புறம், வீரியம் குறைந்திருக்கும் என்று இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நாய் மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை உயிருக்கே ஆபத்து. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மீனுக்கு ஆகாது. இதயப்புழு மாத்திரை விட்டுப்போயிருந்தால் நீங்களாக மறுபடி ஆரம்பிக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று பூனைக்காரி
சார், பூனைக்கு நாய் மருந்து போட்டதாக இங்கே யாருமே சொல்லவில்லையே :)

அட்டை கிழித்தவள்
என் கதை சின்னது. மாத்திரை அட்டையில் தேதி அச்சடித்த மூலையைத்தான் முதலில் வெட்டி எடுத்திருக்கிறேன். பெட்டியும் குப்பைக்குப் போய்விட்டது. கையில் இரண்டு மாத்திரை, எந்த வருடத்தது என்றே தெரியவில்லை. நாய் வேறு வாலை ஆட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது. கொடுக்கவில்லை. இப்போது மறுமுனையிலிருந்து வெட்டுகிறேன்.

கறுப்பன் வீடு
பழைய நாய்க்காரர் "சொன்ன சூட்டில்" என்றதும் எழுந்துபோய் பெட்டியைப் பார்த்தேன். 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கிறது. அந்தப் பாக்கெட் கோடை முழுக்கக் கார் டேஷ்போர்டில்தான் கிடந்தது.