அறிவித்துவிட்டால் போதுமா? மக்கள் பிரதிநிதிகளின் நல முரண் குறித்து

இளவெயில் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் சொந்த நலனும் அவர் வகிக்கும் பதவியின் கடமையும் மோதிக்கொள்ளும்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்பது குறித்து, சட்டம் அறிந்தவர்களிடமும் உள்ளாட்சி நடைமுறை தெரிந்தவர்களிடமும் விளக்கம் கேட்க விரும்புகிறேன்.

பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு நகர்மன்றத்தில், புதிய புறவழிச்சாலையை நகருக்குக் கிழக்கே அமைப்பதா மேற்கே அமைப்பதா என்ற விவாதம் நடக்கிறது. உறுப்பினர் ஒருவரின் மனைவி பங்குதாரராக இருக்கும் நிறுவனத்துக்கு மேற்குப் பாதையை ஒட்டி நிலம் இருக்கிறது. அவர் எழுந்து அந்த உண்மையை அவைக்குத் தெரிவிக்கிறார். தெரிவித்த பின் அதே இருக்கையில் அமர்ந்து மேற்குப் பாதையை ஆதரித்துப் பேசுகிறார், வாக்கும் அளிக்கிறார். மேற்குப் பாதையே தேர்வாகிறது. பின்னர் யாராவது கேட்டால், “நான் எதையும் மறைக்கவில்லையே, எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுத்தானே வாக்களித்தேன்” என்கிறார்.

இப்படிப்பட்ட செய்திகள் வரும்போதெல்லாம் என்னுடன் விவாதிப்பவர்கள் இரண்டு வாதங்களை முன்வைக்கிறார்கள். மறைக்காமல் சொன்னது எப்படித் தவறாகும் என்பது ஒன்று. யாரிடமும் அவர் லஞ்சம் வாங்கியதாக நிரூபணம் இல்லாதபோது அதை ஊழல் என்று எப்படி அழைக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்று என் மனம் சொல்கிறது. ஆனால் அதைத் தெளிவாக எடுத்துரைக்க என்னால் இயலவில்லை.

நடுகல் எழுதியது:

தங்கள் இரண்டாவது வாதத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதலாவதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. லஞ்சத்தில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என இருவர் இருக்கிறார்கள். அதனால் கைமாறிய பணத்தையோ பேசிய பேச்சையோ சாட்சியாகப் பிடிக்க வழியுண்டு. தாங்கள் சொன்ன எடுத்துக்காட்டில் வெளியாள் எவரும் தேவைப்படவில்லை. பொது முடிவை எடுக்கும் கையும் அதன் பலனைப் பெறும் கையும் ஒரே வீட்டில் இருக்கின்றன. லஞ்சத்தைத் தேடும் சட்டத்துக்கு இங்கே பிடிபட ஒன்றும் இல்லை என்பதால் தவறே நடக்கவில்லை என்றாகிவிடாது. இந்த நிலைமைக்கென்றே வேறு வகையான விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன.

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கான 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி உறுப்பினருக்கு மட்டுமன்றி அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ உள்ள பணநலனும், அது அவருக்குத் தெரிந்திருக்கும்வரை, அவருடைய நலனாகவே கொள்ளப்படும். அந்தப் பொருள் கூட்டத்துக்கு வந்தால் அவர் அறிவிக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை. அவர் விவாதத்தில் பங்கேற்கவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. தக்க காரணமின்றி மீறினால் அது அபராதத்துக்குரிய குற்றம். ஆக, தங்கள் எடுத்துக்காட்டில் உள்ள உறுப்பினர் அங்கே இருந்திருந்தால், அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த அறிவிப்பே அவர் செய்த குற்றத்துக்குச் சான்றாகியிருக்கும்.

விலகி நிற்பது என்றால் நடைமுறையில் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் அதை வாக்களிக்காமல் இருப்பது என்று மட்டுமே புரிந்துகொள்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் அந்தப் பொருளின் எண்ணைத் தலைவர் வாசித்தவுடன் உறுப்பினர் எழுந்து தன் நலன் இன்னது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அவையை விட்டு வெளியேற வேண்டும். பார்வையாளர் பகுதியில் போய் அமர்வது வெளியேறுவது ஆகாது. அவர் எப்போது வெளியேறினார், எப்போது திரும்பினார் என்பதை மன்றச் செயலர் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். தீர்மானம் நிறைவேறிய பிறகே அவரை அழைக்க வேண்டும். அதற்கும் முன்பாக, அந்தப் பொருள் தொடர்பான கோப்பு, வரைபடம், மதிப்பீடு எதுவும் அவர் மேசைக்குச் சென்றிருக்கக் கூடாது. இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், அடுத்த பொருளுக்கு அவருடைய வாக்கை எதிர்பார்த்திருக்கும் சக உறுப்பினர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் குடும்பத்துக்கு எதிராகக் கை தூக்கத் தயங்குவார்கள் என்பதுதான்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1969இல் கிரைபாக் வழக்கில் இதைவிட நுட்பமான ஒரு நிலைமையைக் கண்டது. வனத்துறைப் பணிக்கான தேர்வுக் குழுவில் உறுப்பினராக இருந்த அதிகாரி, தானும் அந்தப் பணிக்கு வேட்பாளராக இருந்தார். தன் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் குழுவில் அமரவில்லை. ஆனால் தன்னுடன் போட்டியிட்டவர்களின் பெயர்கள் வந்தபோது அமர்ந்திருந்தார். தேர்வையே நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் உண்மையிலேயே ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அது அதிகாரிகளைப் பற்றிய வழக்கு என்றாலும், அதன் அளவுகோல் மக்கள் பிரதிநிதிகளுக்கும் பொருந்தியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொதுப்பணி எழுதியது:

நண்பர் நடுகல் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விவசாயி ஒருவர் பாசன மசோதாவில் பேசக் கூடாது, ஆசிரியராக இருந்தவர் கல்வி மானியத்தில் வாக்களிக்கக் கூடாது, வாடகை வீட்டில் குடியிருப்பவர் வாடகைச் சட்டத்தைத் தொடக் கூடாது என்று போனால், ஒவ்வொரு பொருளிலும் அதைப் பற்றி அறிந்தவர்கள் வெளியேறி அறியாதவர்கள் மட்டுமே அவையில் மிஞ்சுவார்கள். தொகுதி மக்கள் அவரை அனுப்பியதே அவர் தங்கள் தொழிலை அறிந்தவர் என்பதற்காகத்தானே? மேலும் சிறிய மன்றங்களில் நான்கைந்து பேர் எழுந்து போனால் கூட்டம் நடத்துவதற்கான குறைந்தபட்ச எண்ணிக்கையே இருக்காது. முன்பே ஒரு கருத்தைச் சொல்லித் தேர்தலில் வென்றவரைப் பக்கச்சார்பானவர் என்று ஒதுக்குவதும் ஜனநாயகத்துக்கு நல்லதல்ல.

நீள்வரி எழுதியது:

பொதுப்பணி ஐயா எழுப்பியிருப்பது நியாயமான அச்சம். ஆனால் விதிகளை எழுதியவர்கள் அதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. மக்களவை நடைமுறை விதி 371, சொந்த நலன் இருக்கிறது என்ற காரணத்தால் ஓர் உறுப்பினரின் வாக்குக்கு ஆட்சேபம் தெரிவிக்க இடமளிக்கிறது. ஆனால் அந்த நலன் நேரடியானதாகவும் அவருக்கே தனிப்பட உரியதாகவும் இருக்க வேண்டும். பொதுமக்களோடோ அவர்களில் ஒரு பிரிவினரோடோ பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் நலன் அதில் அடங்காது. பாசன மசோதாவில் விவசாயி பேசலாம். தன் நிலத்துக்கு மட்டும் வாய்க்கால் வெட்டும் ஒதுக்கீட்டில்தான் அவர் விலக வேண்டும். நடுகல் குறிப்பிட்ட அதே இங்கிலாந்துச் சட்டம், விலகுவோர் எண்ணிக்கையால் மன்றமே முடங்கும் நிலை வந்தால் எழுத்துவழி விலக்கு அளிக்கவும், முன்பே கருத்துச் சொன்னவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் திறந்த மனம் இல்லாதவர் என்று கருதாமலிருக்கவும் வழி செய்கிறது. கருத்துச் சார்பு வேறு, பணநலன் வேறு.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. விதிகள் எங்கும் உள்ளன. அவற்றை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்பதில்தான் பல நாடுகள் தோற்கின்றன.

பிரிட்டனில் உறுப்பினர்களின் நலன்களைப் பதிவு செய்யும் ஏடு 1974ஆம் ஆண்டின் தீர்மானத்தால் வந்தது. பணம் பெற்றுக்கொண்டு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டதாக 1994இல் வெடித்த புகார்களுக்குப் பிறகு, பணம் கொடுத்தவருக்காகப் பரிந்து பேசுவதற்கான தடையும் இறுக்கப்பட்டது. இத்தனையும் இருந்தும் 2021இல் என்ன நடந்தது? ஓவன் பேட்டர்சன் என்ற உறுப்பினர், தமக்கு ஊதியம் தந்த இரண்டு நிறுவனங்களுக்காக அமைச்சகங்களையும் அரசு அமைப்புகளையும் அணுகினார் என்று விசாரணையில் தெரியவந்தது. 30 அமர்வு நாட்கள் இடைநீக்கம் செய்ய ஒழுங்குக் குழு பரிந்துரைத்தது. அவர் அந்த நிறுவனங்களுடனான தொடர்பைப் பதிவேட்டில் மறைக்கவில்லை என்பதை இளவெயில் கவனிக்க வேண்டும். அறிவித்தது அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் அவருடைய கட்சியின் அரசு, தண்டனையை நிறுத்திவைத்து விசாரணை முறையையே மாற்றும் தீர்மானத்தை 250க்கு 232 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. எழுந்த சீற்றத்தைக் கண்டு மறுநாளே அரசு பின்வாங்கியது. அவர் பதவி விலகினார். அந்தச் சீற்றம் எழாமல் போயிருந்தால், பெரும்பான்மை உள்ள கட்சி தன் உறுப்பினரைத் தானே விடுவித்திருக்கும். இதை நினைக்கும்போது எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

கனடாவில் அவைக்கு அறிக்கை அளிக்கும் தனி ஆணையர் இருக்கிறார். பிரதமராக இருந்த ட்ரூடோ நல முரண் சட்டத்தை மீறினார் என்று 2017இலும் 2019இலும் அந்தப் பதவியில் இருந்தவர்கள் அறிக்கை அளித்தார்கள். அதைச் சொல்லும் துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் அந்த மீறல்களுக்குச் சட்டத்தில் தண்டம் எதுவும் இல்லை. உரிய காலத்தில் விவரம் தாக்கல் செய்யாதது போன்ற தவறுகளுக்குத்தான் அதிகபட்சம் 500 டாலர். அமெரிக்காவிலோ, தன் பணநலன் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அதிகாரி தலையிடக் கூடாது என்ற குற்றவியல் பிரிவு குடியரசுத் தலைவருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பொருந்துவதில்லை. 2012ஆம் ஆண்டின் சட்டம் உறுப்பினர்கள் தங்கள் பங்குப் பரிவர்த்தனைகளை 45 நாட்களுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது; அதாவது தாம் மேற்பார்வையிடும் துறையின் பங்குகளை அவர்கள் வாங்கி விற்பது தடையின்றித் தொடர்கிறது, செய்தி மட்டும் நமக்குத் தாமதமாக வருகிறது.

ஓரளவு நம்பிக்கை தருவது பிரான்ஸ். வரி ஏய்ப்பை ஒடுக்கும் பொறுப்பில் இருந்த அமைச்சர் ழெரோம் கயூசாக், தமக்கு வெளிநாட்டில் கணக்கு இல்லை என்று 2012 டிசம்பரில் அவையிலேயே மறுத்தார்; 2013 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஒரு சுயேச்சையான உயர் ஆணையம் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அமைச்சர்களும் உறுப்பினர்களும் அளிக்கும் சொத்து, நலன் விவரங்களை வாங்கி அடுக்கி வைப்பதோடு நில்லாமல், வரித்துறையின் தகவல்களோடு அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. சக உறுப்பினர்களின் தயவில் அது இயங்கவில்லை என்பதே அதன் பலம்.

இளவெயில் எழுதியது:

மிக்க நன்றி. அறிவிப்பு போதாது என்பது தெளிவாகிவிட்டது. லஞ்ச நிரூபணம் பற்றி இன்னும் ஒன்று கேட்கிறேன். குடும்ப நலன் இல்லாமல், வெளியார் ஒருவர் காரணம் சொல்லாமல் தொடர்ந்து உபகாரம் செய்துகொண்டே இருந்தால் என்ன செய்வது? “நட்புக்காகக் கொடுத்தார், நான் பதிலுக்கு எதுவும் செய்யவில்லை” என்று உறுப்பினர் சொல்லிவிடலாம் அல்லவா? அதோடு, எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு குடிமகன் இவற்றைக் கண்டறிய எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நடுகல் எழுதியது:

அந்தச் சாக்கைச் சட்டம் ஏற்காத இடங்கள் உண்டு. சிங்கப்பூரில் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஈஸ்வரன் மீது முதலில் ஊழல் குற்றச்சாட்டுகளும் இருந்தன. பின்னர் அவை தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவுக்கு மாற்றப்பட்டன. தன் பதவிப் பணியோடு தொடர்புள்ளவர் என்று தெரிந்த ஒருவரிடமிருந்து விலை கொடுக்காமல் மதிப்புள்ள பொருளைப் பெறுவதே அந்தப் பிரிவின்படி குற்றம். பதிலுக்கு என்ன செய்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பிரிவின் வேர் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் அதைத் தன் 11ஆம் பிரிவாக எடுத்துக்கொண்டது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தச் சட்டத்தின்படி பொது ஊழியர்களே என்பதை உச்ச நீதிமன்றம் 1998இலேயே ஏற்றுவிட்டது. கருவி இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்துவோர் குறைவு.

குடிமகனுக்கான வழியைப் பொறுத்தவரை, இந்தியாவில் வேட்பாளரின் பிரமாணப் பத்திரமே முதல் ஆவணம். வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்துகள் அதில் தனித்தனிப் பத்திகளில் இருக்கும். 2018ஆம் ஆண்டின் தீர்ப்புக்குப் பிறகு வருமானம் வந்த வழியும் சொல்லப்பட வேண்டும். இரண்டு தேர்தல்களின் பத்திரங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். அடுத்து, துணைவரின் பெயர் எந்த நிறுவனத்தின் இயக்குநர் பட்டியலில் இருக்கிறது என்பதை நிறுவனப் பதிவாளரின் ஆவணங்களில் தேடுங்கள். அதன் பிறகு, மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். தீர்மானத்தின் வாசகத்தை மட்டும் கேட்காமல் வருகைப் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள், யார் அவையில் இருந்தார் என்பது அதில்தான் தெரியும்.

இத்தனையிலும் நான் முதலில் தேடச் சொல்வது இரண்டு தேதிகளை. தாங்கள் சொன்ன புறவழிச்சாலையையே எடுத்துக்கொண்டால், மேற்குப் பாதை முதன்முதலாக அலுவலகக் கோப்பில் ஏறிய தேதி ஒன்று. அந்த நிறுவனத்தின் நிலப்பத்திரம் பதிவான தேதி மற்றொன்று. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே வாங்கப்பட்டிருந்தால், உறுப்பினர் வெளியேறாமல் அமர்ந்திருந்தது விதிமீறல் என்ற அளவில் விவாதிக்கலாம். கோப்பில் ஏறிய பிறகு, ஊருக்குத் தெரிவதற்கு முன் வாங்கப்பட்டிருந்தால் அது பதவியால் கிடைத்த தகவலைக் காசாக்கியது. அப்போது நகர்மன்றத் தலைவரிடம் மனு கொடுப்பதை விட்டுவிட்டு, இரண்டு ஆவணங்களின் சான்றிட்ட நகல்களோடு நேராக லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் செல்லுங்கள்.