கெப்பை லோ பண்ணி ட்ரெயிலர் இழுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வெலிமடைக்காரன்:
இரண்டு வருசமாச்சு, ஹக்கல இறக்கம் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. டபுள் கெப், இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப். பின்னால் அச்சுக்கு மேலே இருந்த ஸ்பிரிங் பிளேட்டைக் கீழே மாற்றி வண்டியை ஐந்து இன்ச் பதித்திருந்தேன், அதாவது உயரத்தை இறக்கியிருந்தேன். பார்க்க அப்படி ஒரு அழகு. நுவரெலியாவிலிருந்து விதைக்கிழங்கு மூட்டைகளோடு ட்ரெயிலரை மாட்டிக்கொண்டு இருட்டுகிற நேரம் கிளம்பினேன். பனிமூட்டம். விளக்கைப் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழவே இல்லை, சவுக்கு மரத்து உச்சியில் நிற்கிறது. பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிவிட்டது. ஸ்டியரிங்கும் லேசாகிப்போனது. அப்புறம் ஒரு சின்னக் குழிதான். அச்சு போய் சேசிஸில், வண்டியின் அடிச்சட்டத்தில், அடித்த சத்தத்தில், பக்கத்தில் இருந்த தம்பி குதிக்கவே கதவைத் திறந்துவிட்டான்.

மழைக்கால டிரைவர்:
விளக்காவது பரவாயில்லை அண்ணே, எனக்குப் பிரேக். அதுவும் ட்ரெயிலரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கெப்பாக றம்பொடை இறங்கும்போது. தூறல். முன்னால் போன த்ரீவீல் சட்டென்று நின்றது. நானும் மிதித்தேன். பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு, கெப் குறுக்கே திரும்பி, என் கண்ணாடிக்கு நேரே தேயிலைச் சரிவு. பிறகு கராஜில் பாஸ் கீழே படுத்து ஒரு கம்பியைக் காட்டினார். பின் அச்சிலிருந்து சேசிஸில் உள்ள வால்வுக்குப் போகிறது. பின்பக்கம் அமுங்கினால் பாரம் ஏற்றியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். பதித்த வண்டி அதற்கு எப்போதும் பாரவண்டிதான். எல்லாக் கெப்பிலும் இந்த வால்வு இல்லை, இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பழைய கை:
முதல் தம்பி பதித்ததைக் குறை சொல்கிறார். பிழை பதித்ததில் இல்லை, பாதியில் விட்டதில். ஐந்து இன்ச் இறக்கினால் அச்சு மேலே வர இடம் எங்கே? அச்சுக்கு மேலே சேசிஸை அரைவட்டமாக வெட்டி, தடித்த தகடு வைத்து வெல்டிங் பண்ண வேண்டும், அதுவும் கை தேர்ந்த ஆளிடம். பிளேட்டை உருவிப் பதிக்கவே கூடாது, பாரம் தாங்குவது அதுதானே. ட்ரெயிலர் மாட்டும் நாளில் மட்டும் காற்று நிரப்புகிற பலூன் ஸ்பிரிங் போட்டால் பின்பக்கம் மட்டத்துக்கு வரும். ஆனால் பலூன் போட்டதற்காகக் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். ட்ரெயிலரை மாட்டுகிற கொக்கிப் பந்தையும் உயர்த்த வேண்டும், ட்ரெயிலர் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். அதன் எடையில் பத்திலொரு பங்காவது பந்தில் இருக்கட்டும்: 800 கிலோ என்றால் 80. குறைந்தால் வால் ஆடும். எஞ்சின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற கார்டன் ஷாஃப்டின் கோணத்தையும் பாருங்கள், பதித்த பிறகு நடுங்கினால் அது காரணமாக இருக்கலாம். நான் பதித்ததில்லை. பதித்தது என் மச்சானுடைய வண்டி.

ஹப்புத்தளை:
மேலே உள்ள அண்ணன் எழுதியதில் பாதி விளங்கவில்லை. என் கதை சின்னது. பதித்த மறுநாள் ட்ரெயிலரை மாட்டப் போனால் அதன் கப்ளிங் பந்துக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. முன்கால் அதற்கு மேல் இறங்கவில்லை. கடைசியில் லயத்து வாசலில் கிடந்த செங்கல்லை அடுக்கி, கெப்பின் பின் சக்கரத்தை அதன்மேல் ஏற்றித்தான் மாட்டினேன். அம்மா பீலிக்கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "காசு குடுத்து இறக்கிட்டு, இப்ப கல்லு வச்சு ஏத்துறியா?"