ஆறுமணிக்குருவிக்காக ஓர் ஆலோசனை வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தை ஒட்டியுள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் பத்து நாட்களாக ஓர் ஆறுமணிக்குருவி தங்கியிருக்கிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும் பறவை இது.

பச்சை முதுகு, தோளில் பளிச்சிடும் நீலம், வெள்ளைத் தொண்டை, கண்ணின் குறுக்கே கரும்பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு என 19 செ.மீ. அளவுள்ள உடலில் இத்தனை வண்ணங்கள் இருந்தும், சருகுக்குள் அசையாமல் நின்றுவிட்டால் கண்ணுக்கே தெரிவதில்லை. நேற்று ஒரு பலா இலையை அலகால் புரட்டி, அடியிலிருந்த மண்புழுவை இழுத்தெடுத்தபோது அதன் குட்டை வால் மேலும் கீழும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்கிறது. (சரியாக ஆறு மணிக்குத்தான் கூவுகிறது என்று அம்மா சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை.)

சிக்கல் இதுதான்: பாம்பு அண்டும் என்று அஞ்சி, பின்புறத்துச் சருகு முழுவதையும் வாரி எரிக்க அப்பா ஆள் சொல்லியிருக்கிறார். அவர் அச்சம் நியாயமானதே. ஆனால் இந்தக் குருவியின் இரை முழுவதும் அந்தச் சருகில்தான் இருக்கிறது. வீட்டை ஒட்டிய பகுதியை மட்டும் பெருக்கிவிட்டு, பலா மரத்தடியை அப்படியே விட்டால் போதுமா? பக்கத்து வீட்டுப் பூனையை அங்கே அண்டவிடாமல் தடுக்க என்ன செய்யலாம்? திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் இதைத் தோட்டத்தில் கவனித்தவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். திங்களன்று ஆள் வந்துவிடுவார்.