நியூசிலாந்தின் 1903ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது காட்டையா, காட்சியையா?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். இயற்கைக் காட்சிகளைப் பாதுகாப்பதற்கென்றே நியூசிலாந்து 1903இல் தனிச் சட்டம் இயற்றியதாகப் படித்தேன். காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாக்குவதையே முன்னேற்றமாகக் கருதிய காலம் அது. அப்படியிருக்க, அரசு இதற்கு முன்வந்தது ஏன்? அச்சட்டத்தால் உண்மையில் பிழைத்தது எது?

மறுமொழி 1

காட்சிக்கே முதலிடம் தரப்பட்டது என்பது என் கருத்து. 1901இலேயே சுற்றுலாவுக்கென்று அரசுத் துறை ஒன்றைத் தொடங்கிய நாடு அது. 1904இல் பெர்சி ஸ்மித் தலைமையில் அமைக்கப்பட்ட ஆணையம் ஆற்றங்கரைகளையும் அருவிகளையும் சாலையோரக் காடுகளையும் ஒதுக்ககங்களாக்க, அதாவது பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதிகளாக்கப் பரிந்துரைத்தபோது, பயணியின் கண்ணுக்கு விருந்தாகுமா என்பதே பெரும்பாலும் அளவுகோலாக இருந்தது. வளமான தாழ்நிலத்தில் நின்ற கஹிகாட்டியா மரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு போதிய அளவு கிடைக்கவில்லை. வாசனையற்ற அந்த மரம் வெண்ணெய்ப் பெட்டிகளாக அறுபட்டது. அது நின்ற மண் பால்பண்ணையாயிற்று. ஆயினும் ஹாரி எல் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் அன்று விடாமல் வாதாடியிராவிட்டால் இன்று எஞ்சியிருக்கும் துண்டுக் காடுகள்கூட இருந்திரா.

மறுமொழி 2

முந்தைய நண்பர் சொன்னவற்றோடு, அது யாருடைய நிலம் என்பதையும் கேட்டாக வேண்டும். நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த அச்சட்டம் இடமளித்தது. நீராவிப் படகுகளில் பயணிகள் வந்து கண்டு மகிழ்ந்த வாங்கனுயி ஆற்றின் கரைகளில், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நிலங்கள் காட்சி ஒதுக்ககங்களுக்காக எடுக்கப்பட்டன. அந்தக் காட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களே அதன் மீதான உரிமையை இழந்தது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். இத்தனைக்கும் 1887இலேயே தொங்கரீரோ மலைச் சிகரங்களை அரசின் பொறுப்பில் ஒப்படைத்தவர் ஹோரோனுக்கு தெ ஹெயுஹெயு என்னும் மாவோரித் தலைவர்தாம். 1954இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட தெ உரேவெரா என்னும் காட்டுப் பகுதி, 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மனிதரைப் போலத் தனக்கென உரிமைகளுள்ள சட்ட ஆளுமையாக அறிவிக்கப்பட்டது. அதன் நிர்வாக வாரியத்தில் அப்பகுதி மாவோரிக் குலத்தினரான தூஹோய் மக்கள் இடம்பெற்றுள்ளனர்.

மறுமொழி 3

எல்லை வகுத்துவிட்டால் காடு பிழைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். மென்மயிர்த் தோலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட போசம் என்னும் விலங்கு மரங்களின் தளிர்களைத் தின்று தீர்க்கிறது. எலிகளும், கீரி போன்ற சிறு ஊனுண்ணிகளான ஸ்டோட்டுகளும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. அதனால்தான் 1977ஆம் ஆண்டு ஒதுக்ககச் சட்டம், காட்சி ஒதுக்ககங்களில் உள்நாட்டுச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் இயன்றவரை பேணவும், அயலினங்களை இயன்றவரை ஒழிக்கவும் கூறுகிறது. அதே ஆண்டில் உருவான இரண்டாம் எலிசபெத் அரசி தேசிய அறக்கட்டளையின் வழியை நான் பெரிதும் மதிக்கிறேன். நிலம் உரிமையாளரிடமே இருக்கும்; ஆனால் காட்டை அழிப்பதில்லை என்னும் உடன்படிக்கை நிலப் பத்திரத்திலேயே பதிவாகி, பின்னர் அதை வாங்குவோரையும் கட்டுப்படுத்தும். இத்தகைய உடன்படிக்கைகள் இன்று 5,000க்கும் மேல் உள்ளன. கால்நடைகள் நுழையாதபடி வேலியிடும் செலவிலும் அறக்கட்டளை பங்கேற்பதால், பண்ணைக்காரர்கள் பலர் தாமாகவே முன்வருகிறார்கள்.